சுருட்டி எடுத்துப்போன ஓவியங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். அடுப்பு வேலை முடிந்தபிறகு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

என்னிடம் படித்த பெண்பிள்ளைகளில் பலர் இப்போது வீட்டுக்காரர் வேலையை ஒட்டி வெளிநாட்டில் இருக்கிறார்கள். மூன்று வருடம் ஒரு நாடு, அப்புறம் பெட்டியைக் கட்டி அடுத்த நாடு. போனில் பேசும்போது பாதிப் பேர் சொல்வது இதுதான்: "நான் சும்மாதான் இருக்கேன் டீச்சர்." அதைக் கேட்கும்போதெல்லாம் பசீட்டா அபாட் ஞாபகம் வருகிறார். பிலிப்பைன்ஸ் நாட்டு ஓவியர், அச்சோவியக் கலைஞர். புருஷனோடு ஊர் ஊராகப் போன பெண்தான் அவரும்.

பிலிப்பைன்ஸ் வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்குக் கோடியில், தைவானைப் பார்த்தபடி பொடிப்பொடியாகச் சில தீவுகள் தெரியும். அதுதான் படானெஸ் மாகாணம். ஓயாத புயல் என்பதால் அங்கே பழைய வீடுகளெல்லாம் தடிமனான கல் சுவர் வைத்துக் கட்டியவை. அந்த மாகாணத்தின் பாஸ்கோ ஊரில் 1946 அக்டோபர் 5 அன்று பசீட்டா பிறந்தார். பெரிய குடும்பம். அப்பா, அம்மா இருவருமே நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர்கள். மகளும் பல்கலைக்கழகத்தில் அரசியல் படித்தார். அடுத்து சட்டம், பிறகு அரசியல் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். தூரிகை பற்றிய பேச்சே அப்போது இல்லை.

1969 தேர்தல் வந்தது. மார்க்கோஸ் ஆட்சி. படானெஸில் அடியாட்களும் துப்பாக்கியும் வைத்து நடத்திய தேர்தல் அது. பசீட்டாவின் அப்பாவும் அதில் நின்றவர். முறைகேட்டைக் கண்டித்து மணிலாவில் மாணவர்களைத் திரட்டிப் போராடியவர்களில் பசீட்டா முன்னணியில் இருந்தார். அதன்பின் அவர்கள் வீட்டின் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. பெற்றோர் பயந்துபோய், ஸ்பெயினுக்குப் போய்ச் சட்டப் படிப்பைத் தொடரும்படி 1970இல் மகளை அனுப்பி வைத்தார்கள். போகிற வழியில் சான்பிரான்சிஸ்கோவில் சொந்தக்காரரைப் பார்க்க இறங்கினார். இறங்கியவர் அங்கேயே தங்கிவிட்டார்!

பிழைப்புக்குத் தையல் வேலையும் தட்டச்சு வேலையும் பார்த்தார். கூடவே ஆசிய வரலாற்றில் முதுகலை முடித்தார். (வரலாறு படித்தவர்கள் எங்கே போனாலும் உருப்படுவார்கள் என்று நான் வகுப்பில் சொன்னதற்கு ஒரு சாட்சி!) ஓவியர் ஒருவரை மணந்து, அந்த மணவாழ்க்கை சீக்கிரமே முடிந்துபோனது. அப்புறம் ஜாக் காரிட்டியைச் சந்தித்தார். பொருளாதாரம் படித்தவர், ஏழை நாடுகளின் வளர்ச்சித் திட்டங்களில் வேலை செய்தவர். இரண்டு பேரும் துருக்கியிலிருந்து தரைவழியாகவே ஆசியா முழுக்க ஓராண்டு பயணம் செய்து பிலிப்பைன்ஸ் போய்ச் சேர்ந்தார்கள். நம் இந்தியாவும் அந்த வழியில்தான். போகிற இடமெல்லாம் துணி, பாசி, கண்ணாடிச் சில்லு என்று சேர்த்தார் பசீட்டா. கலிபோர்னியாவுக்குத் திரும்பியதும் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்க உதவித்தொகையோடு இடம் காத்திருந்தது. வேண்டாம், வரையப் போகிறேன் என்றார். நம் வீடுகளில் ஒரு பெண் இப்படிச் சொன்னால் எத்தனை பெரியப்பா, சித்தப்பா பஞ்சாயத்துக்கு வந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அதன்பின் ஜாக்கின் வேலை அவரை எங்கெங்கோ கொண்டுபோனது. 1978இல் பங்களாதேஷ், அடுத்து சூடான், பிறகு தாய்லாந்து. தாய்லாந்தில் இருந்தபோது கம்போடியாவிலிருந்து உயிர் தப்பி வந்த அகதிகள் எல்லை முகாம்களில் குவிந்து கிடந்தார்கள். பசீட்டா அங்கே போய் உட்கார்ந்து அவர்களை வரைந்தார். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வெறித்துப் பார்க்கும் தாய்மார்கள், மூட்டையோடு நடக்கும் கூட்டம். அகதியை எண்ணிக்கையாகச் சொல்லிப் பழகியவர்கள் நாம். சமூக அறிவியல் பாடத்தில் நானும் இத்தனை லட்சம் பேர் என்றுதான் நடத்தினேன். அவர் ஒவ்வொரு முகமாக வரைந்தார்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இருந்தபோது, பொம்மை செய்யும் தோழி ஒருவரிடமிருந்து பஞ்சு திணித்துத் தைக்கும் முறை அவருக்குப் பிடிபட்டது. ஓவியத் துணியில் முதலில் வரைவார். அதன் பின்னால் இன்னொரு துணி வைத்து, நடுவில் பஞ்சைத் திணித்து, கையால் தைப்பார். உருவங்கள் மெத்தைபோல உப்பி எழும்பும். அதன்மேல் பொத்தான், சோழி, பாசிமணி, ஜிகினா, கண்ணாடிச் சில்லு, ஊர் ஊராகச் சேர்த்த துணித் துண்டுகள் எல்லாம் ஏறும். இந்தத் தையலுக்கு இத்தாலிய மொழியில் டிராபுண்டோ என்று பெயர். தன் ஓவியங்களையும் அவர் அப்படியே அழைத்தார்.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. இந்த ஓவியத்துக்கு மரச்சட்டம் தேவையில்லை. பாயைப் போலச் சுருட்டிக் கட்டிக்கொண்டு அடுத்த நாட்டுக்குக் கிளம்பிவிடலாம். வீடு மாறிக்கொண்டே இருந்த பெண்ணுக்கு அந்த வாழ்க்கையே ஒரு கலை வடிவத்தைக் கொடுத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் கலை உலகத்தின் பெரிய மனிதர்களில் பலர் இதை ஏற்கவில்லை. பெண்கள் வீட்டில் செய்கிற கைவேலை, ஜிகினா வைத்த துணி என்று ஒதுக்கினார்கள். எனக்கு இது புதிய சங்கதி இல்லை. நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில் தையல் ஆசிரியையைக் கூட்டத்தில் கடைசி நாற்காலியில்தான் உட்கார வைப்பார்கள். அவர் போட்ட பூ வேலையை மட்டும் ஆண்டு விழா மேடையில் பெருமையாக விரிப்பார்கள். கணக்கு வாத்தியார் போட்ட கணக்கு அறிவு, தையல் டீச்சர் எண்ணிப் போட்ட ஆயிரம் தையல் வெறும் கைப்பழக்கம்! இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

1984இல் பிலிப்பைன்ஸில் 'சிறந்த இளைஞர் பத்துப் பேர்' விருது அவருக்குக் கிடைத்தது. பெயரிலேயே ஆண்களுக்கு என்று எழுதியிருந்த விருது. அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். பத்திரிகைகளுக்குக் கோபமான கடிதங்கள் பறந்தன. அவர் அசரவில்லை. அந்த ஆண்டுகளில் கடலடியில் மூழ்கப் பழகி, பவளப்பாறைகளையும் மீன்களையும் பெரிய பெரிய துணிகளில் தைத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய மிகத் துணிச்சலான படைப்பு 'மார்க்கோஸும் கூட்டாளிகளும்'. ஏறத்தாழ ஐந்து மீட்டர் உயரம். இதன் மூல உருவம் எங்கிருந்து வந்தது தெரியுமா? இலங்கையிலிருந்து. சிங்கள மக்களிடம் நோய் ஓட்டும் சடங்கு ஒன்று உண்டு. பதினெட்டு நோய்களுக்குப் பதினெட்டுப் பேய்கள், அவற்றுக்கெல்லாம் ஒரு தலைமைப் பேய், அதற்குப் பெரிய முகமூடி. அந்த முகமூடியைத்தான் மார்க்கோஸ் ஆக்கினார் பசீட்டா. சுற்றிலும் கூட்டாளிகள். நாட்டைப் பிடித்த நோய் யார் என்று நேராகவே சொல்லிவிட்டார். 1985இல் ஆரம்பித்து 1995இல் முடித்தார். நடுவில், 1986இல், மக்கள் திரண்டு மார்க்கோஸை நாட்டைவிட்டே விரட்டினார்கள். அவர் போனபிறகும் இந்த அம்மா தையலை நிறுத்தவில்லை!

அமெரிக்காவில் வாழ்ந்த ஆண்டுகளில் குடியேறிகளைப் பற்றி ஒரு வரிசை செய்தார். நியூயார்க்கில் எல்லிஸ் தீவுக் காட்சியகத்துக்குப் போனவர், அங்கே ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களின் கதைதான் பெரிதாக இருப்பதைப் பார்த்தார். 1992இல் 'எல்.ஏ. லிபர்ட்டி' பிறந்தது. அதில் சுதந்திர தேவிக்குப் பழுப்பு நிறத் தோல், பல நிறத் துணிகளில் உடுப்பு. கடை நடத்தும் கொரியர், எல்லையில் பிடிபட்டவர் என்று தொடரும் அந்த வரிசையில் உங்களில் பலர் உங்கள் அக்கம்பக்கத்து முகத்தைப் பார்க்கலாம்.

ஜகார்த்தாவில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு 2000இல் சிங்கப்பூர் வந்தார்கள். அடுத்த ஆண்டே நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சைக்கு நடுவே, 2003இல், அங்குள்ள டைலர் அச்சுக்கலை நிறுவனத்தில் தங்கி வேலை செய்தார். அமெரிக்காவின் பெயர்பெற்ற அச்சுக் கலைஞர் கென்னத் டைலரோடு சேர்ந்து, ஆற்றங்கரைப் பழைய கிடங்கில் அமைத்த இடம் அது. காகிதக் கூழை வார்த்தும், அச்சிட்டும், வெட்டி ஒட்டியும் வட்டங்களாகவே செய்து தள்ளினார். அந்த வரிசைக்குப் பெயர் 'என் மனத்தில் வட்டங்கள்'. சாதாரணமாக ஒருவர் வரைவார், இன்னொருவர் அச்சிடுவார். இவர் விஷயத்தில் அச்சு முடிந்து வந்த தாளும் ஓயவில்லை, மேலே இன்னும் ஏதாவது ஏறும்.

அந்த நிறுவனத்துக்குப் பக்கத்திலேயே சிங்கப்பூர் ஆற்றின் குறுக்கே அல்காஃப் பாலம். பழைய காலத்துச் சரக்குப் படகு வடிவத்தில் கட்டிய நடைபாலம். சாம்பல் நிறத்தில் சோகமாக நின்றது. அதை வண்ணமாக்கிக் காட்டுகிறேன் என்று கிளம்பினார். அனுமதி வாங்கி, தொழிலாளர் குழுவோடு 2004இல் செய்து முடித்தார். 55 வண்ணங்கள், 900 லிட்டர் பெயிண்ட், 2,350 வட்டங்கள். உடம்பு தேய்ந்துகொண்டிருந்த நேரத்தில் செய்த வேலை இது. அதே ஆண்டு டிசம்பர் 7 அன்று சிங்கப்பூரிலேயே காலமானார். வயது 58. அடக்கம் சொந்த ஊரான படானெஸில்.

ஆயிரக்கணக்கான படைப்புகள் செய்தவருக்கு, அவர் வாழ்க்கைப் பணியை மொத்தமாகக் காட்டும் முதல் பெரிய கண்காட்சி 2023இல்தான் நடந்தது. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், வாக்கர் கலை மையத்தில், நூற்றுக்கும் மேற்பட்ட படைப்புகள். அங்கிருந்து சான்பிரான்சிஸ்கோ, நியூயார்க், டொரொண்டோ. 2024இல் வெனிஸ் கலைவிழாவிலும் அவர் படைப்பு இருந்தது. கைவேலை என்று தள்ளிய அதே துணிகள்தான். பத்தொன்பது வருடம் முன்பே கண்ணை மூடிவிட்டார் பாவம்.

சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகளே, ராபர்ட்சன் கீ பக்கம் போனால் அந்தப் பாலத்தில் நடந்துவிட்டு வாருங்கள். மேலே நடந்தால் மட்டும் போதாது. கரையில் இறங்கி நின்று பக்கவாட்டிலும் அடியிலும் பாருங்கள், வட்டங்கள் அங்கேயும் உண்டு. போட்டோ எடுத்தால் கமெண்டில் போடுங்கள். வீட்டில் பழைய புடவை வைத்துத் தைப்பவர்கள் இருந்தால் அதையும்தான்.