எஞ்சிய அடையாளங்களும் எழுதப்படாத குடிகளும்: மாம்பலம் – நுங்கம்பாக்கம் வேளாண் ஊர்களின் வரலாற்றுத் தடயங்கள்

ஆய்வுச் சுருக்கம்

சென்னை மாநகரின் மையப் பகுதிகளாக இன்று விளங்கும் மாம்பலமும் நுங்கம்பாக்கமும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஏரிப்பாசனத்தைச் சார்ந்திருந்த ஊர்கள். அவற்றின் வேளாண் கடந்த காலத்தைச் சுட்டும் அடையாளங்கள் தெருப்பெயர், நீர்வழி, நில ஆவணம் ஆகிய மூன்று வடிவங்களில் எஞ்சியுள்ளன. இவை நீரையும் நிலத்தையும் நினைவில் வைத்திருக்கும் அளவுக்கு நிலத்தில் உழைத்தவர்களை நினைவில் வைத்திருக்கவில்லை என்பதையும், இவ்விடைவெளி தற்செயலானதன்று, நிலவுரிமை அமைப்பின் விளைவு என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: நீள ஏரி, தெருப்பெயர், மாம்பலம் கால்வாய், மிராசு, ஊர்நத்தம், சேரி

முன்னுரை

ஓர் ஊரின் வரலாற்று அடையாளங்களை இருவகையாகப் பகுக்கலாம். முதலாவது, நிறுவப்பட்ட அடையாளம். சிலை, நினைவுக் கல்வெட்டு, பெயர்ப்பலகை, நினைவு மண்டபம் ஆகியன இவ்வகையின. இவை நினைவுகூரப்பட வேண்டும் என்ற நோக்கத்துடன் எழுப்பப்பட்டவை. இரண்டாவது, எஞ்சிய அடையாளம். எவரும் நினைவுச் சின்னமாகக் கருதி அமைக்காத ஒன்று, பழைய வாழ்வு மறைந்த பின்னும் தங்கிவிடுவதால் சான்றாகிறது. ஏரி மறைந்த பின் நிற்கும் ஏரிக்கரைத் தெருப்பெயர் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

வேளாண் ஊர் ஒன்று நகரத்தால் விழுங்கப்படும்போது நிறுவப்பட்ட அடையாளங்கள் பெரும்பாலும் நகரத்தை உருவாக்கியோரையே போற்றுகின்றன. ஊரின் வரலாறு எஞ்சிய அடையாளங்களில் மட்டுமே தங்குகிறது. ஆகவே, எஞ்சியவை எவற்றைக் காத்தன, எவற்றைக் கைவிட்டன என்று வினவுவது உள்ளூர் வரலாற்று ஆய்வாளரின் முதற்கடமையாகிறது.

ஏரியும் ஊரும்

தொண்டை மண்டலம் ஏரிகளின் நாடு. வற்றாத பேராறுகள் இல்லாத இந்நிலப்பகுதியில் பருவமழை நீரைக் கரையிட்டுத் தேக்கி, மதகு வழியே கழனிகளுக்குப் பாய்ச்சி, மிகுநீரைக் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு அனுப்பும் முறையே வேளாண்மையின் அடித்தளமாக இருந்தது. உத்திரமேரூரிலுள்ள முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் (919, 921) ஏரிவாரியத்தைத் தனியே குறிப்பிடுவது, ஏரிப் பராமரிப்பு ஊராட்சியின் மையப் பணியாக இருந்ததைக் காட்டும்.

இன்றைய சென்னைப் பகுதி ஊர்கள் இடைக்காலத்தில் புலியூர்க் கோட்டத்துள் அடங்கியிருந்தன. கிழக்கிந்தியக் கம்பெனி 1708ஆம் ஆண்டு பெற்ற ஐந்து ஊர்களுள் நுங்கம்பாக்கமும் ஒன்று. மாம்பலம் நெடுங்காலம் செங்கல்பட்டு மாவட்டத்தின் சைதாப்பேட்டை வட்டத்தைச் சேர்ந்திருந்தது. நுங்கம்பாக்கம் ஏரியும் அதற்குத் தெற்கே தொடர்ந்த மயிலாப்பூர் ஏரியும் சேர்ந்து அமைந்த நெடிய நீர்ப்பரப்பை ஆங்கிலேயர் ‘லாங் டேங்க்’, அதாவது நீள ஏரி என்றனர். அண்ணா சாலைக்கு மேற்கே கிடந்த இந்நீர்ப்பரப்பு, நகரின் மேற்கு எல்லையாகவே கருதப்பட்டது.

1920ஆம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டம் இந்நிலையை மாற்றியது. 1923 தொடங்கி ஏரியின் பெரும்பகுதி வடிக்கப்பட்டுக் குடியிருப்பாக்கப்பட்டது. அவ்வாறு உருவான தியாகராய நகர், நீதிக்கட்சித் தலைவரும் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தவருமான பிட்டி தியாகராயரின் பெயரைத் தாங்குகிறது. அதன் மையத்திலுள்ள பூங்கா, 1921 முதல் 1926 வரை முதலமைச்சராக இருந்த பனகல் அரசரின் பெயரையும், சாலைகள் டி.எம். நாயர், தணிகாசலம், உஸ்மான் ஆகியோரின் பெயர்களையும் பெற்றன. புதிய நகரின் பெயர் வரைபடம் அக்கால அரசியலின் வரைபடமாகவே அமைந்தது. அதில் ஏரிக்கோ கழனிக்கோ இடமில்லை. நிறுவப்பட்ட அடையாளத்தின் இயல்பு இதுவே.

பெயர்ச் சான்றுகள்

இருப்பினும் ஏரி முற்றிலும் மறையவில்லை. நுங்கம்பாக்கத்தில் ‘டேங்க் பண்ட் ரோடு’ ஏரிக்கரையையும், ‘லேக் ஏரியா’ என்னும் குடியிருப்பு ஏரிப் படுகையையும் சுட்டுகின்றன. மேற்கு மாம்பலத்தின் ‘லேக் வியூ ரோடு’ இன்று எந்த ஏரியையும் காண இயலாத சாலை. இப்பெயர்கள் ஆங்கிலத்தில் அமைந்திருப்பது கருதத்தக்கது. இவை உழவர் இட்ட பெயர்கள் அல்ல; அளவையாளரும் மனைப்பிரிவு வகுத்தோரும் இட்டவை. ஏரியைப் பாசன ஆதாரமாக அன்றி, எல்லைக் குறியாகவோ காட்சியாகவோ கண்ட பார்வை இவற்றில் பதிந்துள்ளது.

தமிழ்ப் பெயர்களில் வேறொரு பார்வை வெளிப்படுகிறது. மயிலாப்பூரை அடுத்த மந்தைவெளி, கால்நடை மந்தைகள் மேய்ந்த வெளியைத் தன் பெயரிலேயே கொண்டது. பழவந்தாங்கல் என்பதிலுள்ள ‘தாங்கல்’ சிறிய பாசன நீர்நிலையைக் குறிக்கும். இவை பயன்பாட்டிலிருந்து பிறந்த பெயர்கள். எது மேய்ச்சல் நிலம், எது நீர்நிலை என்று அறிய வேண்டிய தேவை உடையோர் வழங்கியவை.

பெயர்ச் சான்றைக் கையாள்வதில் எச்சரிக்கையும் வேண்டும். ‘பாக்கம்’ நெய்தல் நிலத்து ஊரைக் குறிக்கும் சொல் என்பது மரபு. ஆயினும் செம்பரம்பாக்கம் போன்ற உள்நாட்டு ஏரிப்பாசன ஊர்களும் இவ்விகுதியைக் கொண்டிருப்பதால், விகுதியை மட்டும் கொண்டு நுங்கம்பாக்கத்தின் தொழிலையோ திணையையோ துணிதல் இயலாது. மாம்பலம் என்னும் பெயருக்கு வில்வ மரத்தோடு இணைத்துக் கூறப்படும் விளக்கம் தலமரபைச் சார்ந்தது. அம்மரபின் வரலாற்றுக்கு அது சான்றாகலாமே தவிர ஊரின் தோற்றத்துக்குச் சான்றாகாது.

பெயர்கள் நிலையானவையும் அல்ல. நுங்கம்பாக்கத்தின் ‘வில்லேஜ் ரோடு’ பின்னர் வள்ளுவர் கோட்டம் நெடுஞ்சாலை ஆயிற்று. ஏரிப் படுகையின் ஒரு பகுதியில் எழுந்து 1976இல் திறக்கப்பட்ட நினைவு மண்டபத்தின் பெயர், அவ்விடம் ஒரு கிராமமாக இருந்தது என்று கூறிய பெயரை அகற்றிவிட்டது. நிறுவப்பட்ட அடையாளம் எஞ்சிய அடையாளத்தின்மேல் எழுவதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

நீர்வழிச் சான்று

பெயரை மாற்றலாம், நிலத்தின் சரிவை எளிதில் மாற்ற இயலாது. வள்ளுவர் கோட்டப் பகுதியில் தொடங்கித் தியாகராய நகரின் ஊடாகச் சென்று நந்தனம் அருகே அடையாற்றில் கலக்கும் மாம்பலம் கால்வாய், மறைந்த ஏரி கிடந்த தாழ்நிலத்தின் ஊடாகவே செல்கிறது. இன்று மழைநீர் வடிகாலாக மட்டும் அறியப்படும் இக்கால்வாய், ஆய்வாளருக்கு ஒரு நிலவியல் ஆவணம். 2021 நவம்பர் மழையின்போது தியாகராய நகரின் தெருக்கள் நீரில் மூழ்கியதற்குக் கால்வாய் அடைப்பு உள்ளிட்ட உடனடிக் காரணங்கள் கூறப்பட்டன. அவற்றுக்கு அடியில் உள்ள நெடுங்காரணம், நீர் தேங்குவதற்கென்றே பல தலைமுறைகள் காத்துவந்த பள்ளத்தில் நகரம் அமைந்திருப்பதாகும். எனவே ஏரியின் எல்லையை மீட்டறிவது வரலாற்று ஆர்வத்துக்கு மட்டும் உரிய செயலன்று.

ஆவணச் சான்றுகள்

சென்னைப் பகுதியின் கிரயப் பத்திரங்களில் சொத்து விவரம் இன்றும் கிராமப் பெயரையும் அளவை எண்ணையும் கொண்டே எழுதப்படுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பை வாங்குபவர் தம்மை அறியாமலே ஒரு வேளாண் ஊரின் பெயரில் கையொப்பமிடுகிறார்.

இதற்கு முந்தைய ஆவண அடுக்கு மேலும் வளமானது. ஆர்க்காட்டு நவாபிடமிருந்து 1763இல் கம்பெனி பெற்ற செங்கல்பட்டு ஜாகீரில், தாமஸ் பார்னார்டு 1767க்கும் 1774க்கும் இடையே சுமார் 2,000 ஊர்களை அளவை செய்தார். தரம்பாலின் ஆய்வுகளால் பரவலான கவனம் பெற்ற இவ்வளவை, ஊர்தோறும் வீடுகளையும், நஞ்சை, புஞ்சை, ஏரி, தோப்பு, புறம்போக்கு என நிலவகைகளையும், விளைச்சலிலிருந்து கோயில், ஏரி, கணக்கர், தலையாரி, கம்மாளர் முதலியோருக்குச் சென்ற பங்குகளையும் பதிவு செய்தது. ஜாகீரின் ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸின் 1799ஆம் ஆண்டு அறிக்கையும், மிராசு உரிமை பற்றி எஃப்.டபிள்யூ. எல்லிஸ் எழுதி 1818இல் வெளிவந்த ஆய்வும் இவ்வமைப்பின் உரிமை அடுக்குகளை விரிவாகப் பேசுகின்றன. தெருப்பெயர் ஏரி இருந்தது என்று மட்டும் கூறும். அந்நீரில் யாருக்கு எப்பங்கு என்று ஆவணமே கூறும்.

அடையாளம் பெறாதோர்

மேற்கண்ட சான்றுகள் அனைத்தையும் ஒருங்கே வைத்து நோக்கினால் ஓர் இடைவெளி தெரிகிறது. ஏரியின் சேற்றை அள்ளியோர், வண்டலைக் கழனிக்குச் சுமந்தோர், கரையை அடைத்தோர், நாற்று நட்டோர், அறுவடை செய்தோர் எவரும் எந்தப் பெயரிலும் எஞ்சவில்லை. குடிமராமத்து என வழங்கிய பணிக்கான உழைப்பை 1858ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டம் சட்டக் கடமையாகவே ஆக்கியது. ஏரிக்கரையைக் குறிக்கும் தெரு உண்டு. கரையைக் காத்தவர்களைக் குறிக்கும் தெரு இல்லை.

இதன் காரணத்தை நிலவுரிமையில் தேட வேண்டும். முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள், வரி நீங்கிய நிலங்களாக ஊர்நத்தம், குளம், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரி, கம்மாணசேரி, தீண்டாச்சேரி ஆகியவற்றையும் தனித்தனியே பட்டியலிடுகின்றன. குடியிருப்பின் பிரிவினை அக்காலத்திலேயே நில அளவையில் பதிந்திருந்தது என்பதற்கு இது சான்று. எட்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாகக் கழிந்து, செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர் 1891இல் அளித்த அறிக்கை, அம்மாவட்டப் பறையர் பலருக்குக் குடியிருக்கும் மனைமீதும் உரிமை இல்லாதிருந்ததையும், மிராசுதாரர் அவர்களை அங்கிருந்து அகற்ற முடிந்ததையும் எடுத்துக்காட்டியது. அதன் தொடர்ச்சியாக 1892இல் பிறந்த அரசாணையே, பின்னர் பஞ்சமி நிலம் என வழங்கிய நில ஒதுக்கீட்டுக்கு அடிப்படையாயிற்று.

மனைமீது உரிமை இல்லாத குடிக்கு எல்லைக்கல் இல்லை. விற்கும் பத்திரமும் இல்லை. ஊர் மனைப்பிரிவாக மாறியபோது பெயரை விட்டுச்செல்லும் வாய்ப்பும் இல்லை. எஞ்சிய அடையாளம் தற்செயலானது என்று தொடக்கத்தில் கூறினோம். எது தற்செயலாக எஞ்சலாம் என்பதையும் உடைமையே வரையறுத்திருக்கிறது எனத் திருத்திக் கூறுவதே பொருந்தும்.

இவ்விடத்தில் நிகழ்கால வினா ஒன்று எழுகிறது. ‘காலனி’ என்னும் சொல் அரசுப் பதிவுகளிலிருந்து நீக்கப்படும் என 2025 ஏப்ரலில் தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இழிவைச் சுமத்தும் பெயரில் வாழ வேண்டிய கட்டாயம் எவருக்கும் இருக்கக்கூடாது. வரலாற்றுச் சான்று என்ற பெயரால் அதை நீட்டிக்கக் கோருவது ஆய்வாளரின் உரிமையுமன்று. அதே வேளை, உழைத்த குடிகள் விட்டுச்சென்ற மிகச் சில தடயங்களுள் இத்தகைய பெயர்களும் அடங்கும். பலகையிலிருந்து நீங்கும் பெயர், எப்போது வழங்கியது, யாரைக் குறித்தது, ஏன் நீங்கியது என்ற குறிப்புகளுடன் ஆவணத்தில் நிலைபெறுமாயின் நீதியும் வரலாறும் ஒருங்கே காக்கப்படும். பதிவின்றி நீங்குமாயின், முன்பே தடயமற்றிருந்தோர் இரண்டாம் முறை தடயமற்றுப் போவர்.

முடிவுரை

மாம்பலம் – நுங்கம்பாக்கம் பகுதியில் தெருப்பெயர் ஏரியின் இருப்பையும், கால்வாய் அதன் தாழ்நிலத்தையும், நில ஆவணம் அதன் பங்குரிமையையும் காட்டுகின்றன. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புவதால் இவற்றைத் தனித்தனியே அன்றி ஒருசேரப் படித்தல் வேண்டும். மூன்றும் சேர்ந்தும் நிரப்பாத இடம் உழைப்பின் வரலாறு. அதற்கு வருவாய்த்துறை அறிக்கைகளும், அக்குடிகளின் வழித்தோன்றல்களிடம் திரட்ட வேண்டிய வாய்மொழி வரலாறும் துணையாகும்.

இப்பகுதியில் வரலாற்றுப் பலகைகள் நிறுவப்படுமாயின், ஏரி இருந்தது என்று அறிவிப்பதோடு அவை நிறைவடைதல் கூடாது. கரை எங்கே சென்றது, நீர் எவ்வயலுக்குப் பாய்ந்தது, அக்கரையில் உழைத்தோர் எவ்வுரிமையுமின்றி எங்கே குடியிருந்தனர் என்பனவும் அவற்றில் இடம்பெற வேண்டும். சென்னையைச் சூழ்ந்த ஏரிப்பாசன ஊர்கள் பல இன்று மனைகளாக மாறிவரும் நிலையில், அவ்வூர்களின் மதகு, கலங்கல், நத்தம், சேரி, மேய்ச்சல் நிலம் ஆகியவற்றின் பெயர்களை அவை வழக்கில் உள்ளபோதே தொகுத்தல் உடனடித் தேவையாகும்.