ஊதும் மெஷினைக் குறுக்கு விசாரணை செய்ய முடியுமா? ஒரு சோர்ஸ் கோடு வழக்கின் கதை

ராத்திரி வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, 'ஊது' என்று போலீஸ்காரர் நீட்டுவாரே, அந்த மெஷினோட கதைதான் இன்னைக்கு. ஊதினால் ஒரு நம்பர் வரும். அந்த நம்பரை வைத்து ஒருத்தருக்குத் தண்டனை கொடுக்கலாம். ஆனா, அந்த நம்பரைக் கணக்குப் போடுற கோடை யாராவது படிச்சுப் பாத்திருக்காங்களா? அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் இந்தக் கேள்வி நிஜமாகவே அந்த மாநில உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது.

முதல்ல கொஞ்சம் பின்னணி. 1897-ல் லண்டனில் ஜார்ஜ் ஸ்மித் என்ற டாக்ஸி டிரைவர் குடித்துவிட்டு ஓட்டி ஒரு கட்டடத்தில் மோதினார். 25 ஷில்லிங் அபராதம் போட்டார்கள். அந்தக் காலத்தில் ஆதாரம் என்றால் பார்த்தவர் சொல்வதுதான்: வாடை அடித்தது, தள்ளாடினார், பேச்சு குழறியது. போலீஸ் ஒன்று சொல்லும், டிரைவர் வேறொன்று சொல்வார். எதை நம்புவது?

இதற்கு வேதியியலில் விடை தேடியவர் இண்டியானா பல்கலைக்கழகப் பேராசிரியர் ரோலா ஹார்கர். 1930-களில் அவர் செய்த கருவிக்குப் பெயர் 'டிரங்கோமீட்டர்'. ஒரு பலூனில் ஊதணும். அந்தக் காற்று பெர்மாங்கனேட் கரைசல் வழியாகப் போகும். ஆல்கஹால் இருந்தால் ஊதா நிறம் வெளுத்துவிடும். 1954-ல் இண்டியானா போலீஸில் வேலை பார்த்த ராபர்ட் போர்கென்ஸ்டைன் இதைவிடக் கையடக்கமான 'பிரெத்தலைசர்' கருவியைக் கொண்டுவந்தார்.

சட்டமும் கூடவே மாறியது. இண்டியானா 1939-ல் 0.15 சதவீதம் என்று ஓர் அளவு வைத்தது. அப்போது அந்த நம்பர் ஒரு சாட்சி மட்டும்தான். பின்னாடி என்னாச்சுன்னா, நம்பரே குற்றம் ஆகிவிட்டது. இன்று அமெரிக்காவில் பெரும்பாலும் 0.08. அதாவது 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம். இந்தியாவில் இது 30 மில்லிகிராம். நீங்கள் நேராக ஓட்டினீர்களா, கோணலாக ஓட்டினீர்களா என்று நிரூபிக்க வேண்டியதே இல்லை. 0.08 காட்டினால் போதும், குற்றம்தான்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. நம்பரே குற்றம் என்றால், அந்த நம்பர் எப்படி வந்தது என்று கேட்பது குற்றம் சாட்டப்பட்டவருக்கு இருக்கிற ரொம்ப முக்கியமான உரிமை. அதோட, நியூ ஜெர்சியில் இந்த வழக்குகளுக்கு ஜூரி கிடையாது. கீழ்நிலை நீதிமன்றத்தில் ஒரே ஒரு நீதிபதி. அவர் முன்னாடி மெஷின் அச்சிட்ட ஒரு சீட்டு.

அந்த மாநிலம் வாங்கியது டிரேகர் நிறுவனத்தின் 'ஆல்கோடெஸ்ட் 7110'. இரண்டு முறை ஊதணும். ஒவ்வொரு ஊதலையும் அகச்சிவப்புக் கதிர் ஒரு பக்கமும், மின்வேதியியல் சென்சார் இன்னொரு பக்கமும் அளக்கும். ஆக நான்கு அளவுகள். அதில் குறைந்ததுதான் கணக்கு. டிரைவருக்குச் சாதகமான நல்ல டிசைன்தான். ஆனால் சோர்ஸ் கோடு? அது கம்பெனி ரகசியம்.

'ஸ்டேட் வெர்சஸ் சுன்' என்ற வழக்கில் பிரதிவாதிகள் கோடைக் காட்டச் சொல்லிப் போராடினார்கள். கடைசியில் இரு தரப்பு நிபுணர்களும் படித்துப் பார்க்க வழி பிறந்தது. பிரதிவாதிகளின் நிபுணர்கள் 19,400 'சாத்தியமான பிழைகள்' என்று அறிக்கை கொடுத்தார்கள். கேட்க பயங்கரமா இருக்கு இல்லையா? ஆனா எந்தப் பழைய கோடையும் லின்ட் மாதிரி ஒரு டூலில் போட்டால் ஆயிரக்கணக்கில் வார்னிங் கொட்டும். எல்லாமே பக் கிடையாது.

சுவாரசியமானது சராசரி எடுத்த விதம். முதல் இரண்டு அளவுகளுக்குச் சராசரி, அதோடு மூன்றாவதைச் சேர்த்துச் சராசரி, பிறகு நான்காவதோடு ஒரு சராசரி. 10, 10, 10, 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான சராசரி 12.5. இந்த முறையில் 15 வரும். கடைசி அளவுக்குப் பாதி எடை! கடைசியில் வருவதுதான் நுரையீரலின் ஆழத்துக் காற்று என்று ஒருவர் நியாயம் சொல்லலாம். ஆனால் கோடில் அதற்கு ஒரு கமென்ட்கூட இல்லை என்பது அந்த நிபுணர்களின் புகார்.

2008 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. மொத்தத்தில் மெஷின் நம்பத்தகுந்ததுதான் என்றது நீதிமன்றம். ஆனால் நிபந்தனைகளோடு. மூன்றாவது முறை ஊத வேண்டி வரும்போது ஒரு பஃபர் ஓவர்ஃப்ளோ இருந்தது. அதைச் சரிசெய்யச் சொன்னது. 60 வயதுக்கு மேற்பட்ட பெண்களால் குறைந்தபட்ச அளவான 1.5 லிட்டர் காற்றை ஊத முடியாமல் போகலாம், அதை 1.2 லிட்டராகக் குறைக்கணும் என்றும் சொன்னது. இது எவ்வளவு முக்கியம் தெரியுமா? சரியாக ஊதாவிட்டால் 'சோதனைக்கு மறுத்தார்' என்று தனிக் குற்றமே பதிவாகலாம்.

கதை இதோடு முடியலை. இந்தக் கருவிகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளவு சரிபார்க்கணும். அதற்கான கரைசல் 34 டிகிரி செல்சியஸில் இருக்கிறதா என்று தரச்சான்று பெற்ற தெர்மாமீட்டரை வைத்துப் பார்க்கணும். ஒரு போலீஸ் அதிகாரி அந்த ஸ்டெப்பைச் செய்யாமலே செய்ததாக எழுதினார் என்று குற்றச்சாட்டு எழுந்தது. 2018-ல் 'ஸ்டேட் வெர்சஸ் காசிடி' தீர்ப்பில், அந்த ஸ்டெப் இல்லாமல் எடுத்த அளவுகளை ஆதாரமாக ஏற்க முடியாது என்றது அதே நீதிமன்றம். பாதிக்கப்பட்ட சோதனைகள் 20,667.

பாருங்க, வருஷக்கணக்கா கோடைத் துருவினாங்க. கடைசியில் பெரிய அடி விழுந்தது ஒரு தெர்மாமீட்டரில்.

'அப்ப குடிச்சுட்டு ஓட்டுறவனுக்கு வக்காலத்தா?' என்று கேட்கலாம். இல்லை. அமெரிக்காவில் இன்னும் வருஷத்துக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல் இதனால் சாகிறார்கள். சட்டம் கடுமையாகத்தான் இருக்கணும். ஆனால் கணக்கை அலட்சியமாக வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? நிஜமாகவே குடித்து ஓட்டியவரும் அந்த 20,667-க்குள் நழுவிவிடுவார். நிரபராதியின் உரிமையும் சாலையில் போகிறவரின் உயிரும் ஒரே மெஷினை நம்பித்தான் இருக்கு. அதனால் அந்த மெஷினைத் திறந்து காட்டச் சொல்வது இரண்டு பேருக்குமே நல்லது.

உங்க கருத்தை எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.