கழுமரம் திருச்சின்னம் ஆன வரலாறு

உரோமாபுரியின் பாலட்டைன் குன்றில் 1857ஆம் ஆண்டு வெளிப்பட்ட பழஞ்சுவர் ஒன்றில் ஒரு கிறுக்கல் ஓவியம் காணப்பட்டது. கழுதைத் தலையுடைய ஒருவன் சிலுவையில் தொங்குகிறான். கீழே நிற்பவன் கையுயர்த்தி அவனை வணங்குகிறான். அலெக்சாமெனோஸ் தன் கடவுளைத் தொழுகிறான் என்னும் பொருள்படக் கிரேக்கத்தில் ஒரு வரி. கி.பி. 200ஐ ஒட்டியதாகப் பலர் கருதும் இக்கேலிச்சித்திரம், சிலுவையில் அறையுண்ட இயேசுவைக் காட்டுவனவாக இன்றுள்ள மிகப் பழைய படங்களுள் ஒன்றாகும். வரைந்தவன் அடியவன் அல்லன், எள்ளியவன்.

அவ்வெள்ளலின் கூர்மையை உணரத் தமிழ்க் கவிஞர் ஒரு சொல்லை நினைந்தாற் போதும்: கழுமரம். கழுவேற்றமும் சிலுவையேற்றமும் வேறு வேறு தண்டனைகளே. எனினும் கேட்டவுடன் எழும் நடுக்கமும் அருவருப்பும் ஒன்றுதான். சிலுவை அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் உரோமர் வகுத்த இழிசாவு. ஸ்பார்ட்டகஸின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட கி.மு. 71இல், கப்புவாவிலிருந்து உரோமாபுரி வரை நெடுஞ்சாலையோரத்தில் ஏறத்தாழ 6000 பேர் அறையப்பட்டனர். அப்பெயரே உரோமக் குடிமகனின் செவியில் விழலாகாது என்றார் சிசரோ. அத்தகைய மரத்தில் மாண்டவரை மீட்பர் என்று அறிவித்தால் யூதர்க்கு இடறலாகவும் பிறர்க்கு மடமையாகவும் தோன்றும் என்பதைத் தூய பவுல் அறிந்தே எழுதினார்.

பவுல் எழுதினார், ஓவியர் எழுதத் துணியவில்லை. நிலத்தடிக் கல்லறைச் சுவர்களில் மீன் உண்டு, நங்கூரம் உண்டு, ஆட்டைத் தோளிற் சுமக்கும் நல்லாயன் உண்டு. அறையுண்ட உடல் இல்லை. 313இல் கிறித்தவர்க்கு வழிபாட்டுரிமை கிடைத்தது. அந்நூற்றாண்டிலேயே சிலுவைத் தண்டனையும் வழக்கொழிந்தது. கொலைக்களத்தைக் கண்ணாற் கண்ட தலைமுறைகள் மறைந்த பின்னரே கலைக்குத் துணிவு வந்தது போலும்! உரோமாபுரியின் சாந்தா சபினா ஆலய மரக்கதவில், 430ஐ ஒட்டிய செதுக்கலில், இரு கள்வரிடையே இயேசு காட்சி தருகிறார். ஆயினும் மரம் பெரிதும் மறைக்கப்பட்டுள்ளது. விரித்த கைகள் வேண்டுதல் செய்பவரின் கைகளாகவே தோன்றுகின்றன, விழிகள் திறந்துள்ளன. அவர் சாகின்றவர் அல்லர்; சாவை வென்றவர்.

கீழைத் திருச்சபைகள் சிலவற்றில் அந்த வெற்றி உடலற்ற சிலுவையாக நிலைத்தது. போர்த்துக்கீசியர் தந்த சொல் 'குருசு'. 'சிலுவை' என்பதோ சிரியாக் வழி வந்த பழஞ்சொல். 1547இல் சென்னைப் பரங்கிமலையில் கிடைத்த, பஹ்லவி எழுத்துப் பொறித்த கற்சிலுவையிலும் துன்புறும் உடல் இல்லை. மேலே புறா, அடியில் விரிந்த இதழ்கள்.

மேற்கோ வேறு வழி சென்றது. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொலோன் நகரப் பேராலயத்துக்கெனச் செதுக்கப்பட்ட கெரோ சிலுவையில் தலை மார்பிற் சாய்ந்துவிட்டது, கண்கள் மூடிவிட்டன. வயிறு புடைத்து, தோள்கள் பாரத்தால் இழுபட்டுத் தொங்கும் அவ்வுடல் மனித உடல். அரசர்க்கரசராய் நின்றவரை ஒரு மரச்சிற்பி பிணமாக்கிக் காட்டினான். அதற்கு வேண்டிய நெஞ்சுரம் சிறிதன்று.

அவ்வழியின் எல்லையை எட்டியவர் குருனேவால்ட். அல்சாஸ் பகுதியின் இசன்ஹைம் மடத்துப் பலிபீடத்துக்காக 1512 முதல் 1516 வரை அவர் தீட்டிய இயேசுவின் மேனி பச்சை பாய்ந்தது. உடலெங்கும் முட்கள், புண்கள். விரல்கள் வலியால் முறுகி வானை நோக்குகின்றன. அழகை நாடும் கண்ணுக்கு இது கொடுமை. ஆனால் ஓவியம் அழகை நாடுவோர்க்காக எழுதப்படவில்லை. அம்மடத்துத் துறவியர் 'அந்தோனியார் நெருப்பு' என்னும் கொடுநோய் கண்டோரைப் பேணியவர்கள். ரை தானியத்தில் பற்றும் பூஞ்சணம் ரொட்டியில் கலந்து விளைத்த நோய் அது. உடல் எரியும், தோல் கருகும், கைகால்கள் அழுகும். முற்றியவர்க்கு உறுப்புகளை வெட்டி அகற்றினர். பலிபீடத்தின் கதவுகள் மூடியிருந்த நாள்களில் நோயாளர் கண்டது இந்தச் சிலுவைக் காட்சியையே. அங்கே தொங்கியவரின் தோலில், தம் தோலில் இருந்த புண்களையே அவர்கள் கண்டனர்.