‘காசில்லை’ என்று சொன்ன மூன்று குளிர்காலங்கள்



நமக்கு விளையாட்டு என்றால் முதலில் கிரிக்கெட், அடுத்தது உதைப்பந்தாட்டம். பேஸ்போலை நம் பக்கத்தில் பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் பாடசாலை மைதானத்தில் எல்லே ஆடியவர்களுக்கு அது விளங்காத ஆட்டமல்ல. பந்தை அடித்துவிட்டு ஓடி, தளங்களைச் சுற்றி வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம். அவ்வளவுதான்.

இன்று நாம் பார்க்கப்போவது ஆட்டம் நடக்காத மாதங்களை. அமெரிக்காவில் பேஸ்போல் பருவம் இலையுதிர் காலத்தோடு முடிந்துவிடும். பிறகு பெப்ரவரி வரை மைதானம் பூட்டிக் கிடக்கும். அந்தக் குளிர்காலத்தில்தான் யாரை வைத்திருப்பது, யாரை விடுவது, எவருக்கு எவ்வளவு கொடுப்பது என்று கழகங்கள் கணக்குப் பார்க்கும். அடுத்த வருடத்தின் வெற்றி தோல்வியில் பாதி அங்கேயே தீர்மானமாகிவிடும்.

நாம் எடுத்துக்கொள்ளும் கழகம் ஓக்லண்ட் அத்லெடிக்ஸ். கிரிக்கெட்டில் நாம் கேள்விப்படும் நியூசிலாந்து நகரம் இதுவல்ல. இது கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் உள்ள தொழிலாளர் நகரம். 1968இல் இந்தக் கழகம் அங்கு வந்து சேர்ந்தது. எதிர்க்கரையில் ஏற்கெனவே இன்னொரு பெரிய கழகம் இருந்தது. பேஸ்போலில் வீரர்களின் சம்பளத்துக்குக் கட்டாய உச்சவரம்பு கிடையாது. உள்ளூர்த் தொலைக்காட்சிப் பணமும் நுழைவுச்சீட்டுப் பணமும் எந்தக் கழகத்துக்கு அதிகமோ, அதன் கை ஓங்கும். நியூயோர்க் பணக்கார வீடு என்றால், ஓக்லண்ட் மாதக் கடைசியை எண்ணும் வீடு.

இந்தக் கழகத்தின் வரலாற்றில் மூன்று குளிர்காலங்களில் ‘காசில்லை’ என்ற ஒரே பேச்சு எழுந்தது. மூன்றுக்கும் கிடைத்த முடிவுகள் ஒன்றுபோல இல்லை.

முதலாவது, 1976.

1972, 1973, 1974 என்று தொடர்ந்து மூன்று வருடங்கள் ஓக்லண்ட்தான் சாம்பியன். அக்காலத்தில் ஒரு வீரர் ஒரு கழகத்தில் சேர்ந்தால், கழகமாக விடும்வரை அவர் வேறெங்கும் போக முடியாது. 1975 டிசம்பரில் பீட்டர் சைட்ஸ் என்ற நடுவர் தீர்ப்பாளர் வழங்கிய முடிவு அந்தக் கட்டை அவிழ்த்தது. ஒப்பந்தம் முடிந்த வீரர் தன் உழைப்புக்குச் சந்தையில் விலை கேட்கலாம் என்ற நிலை வந்தது. அது நியாயமான தீர்ப்பு.

கழக உரிமையாளர் சார்லி ஃபின்லிக்கு அந்தப் புதிய விலைகளைக் கொடுக்க மனமும் இல்லை, வழியும் இல்லை. 1976 ஜூனில் மூன்று நட்சத்திர வீரர்களை பொஸ்டனுக்கும் நியூயோர்க்குக்கும் மொத்தம் 3.5 மில்லியன் டொலருக்கு விற்கப் பார்த்தார். பேஸ்போலின் தலைமை ஆணையாளர் அந்த விற்பனையை இரத்துச் செய்தார். அந்தப் பருவம் முடிந்ததும் ரூடி, ஃபிங்கர்ஸ், டெனஸ், பாண்டோ, கம்பனேரிஸ், பெய்லர் என்று ஆறு முக்கிய வீரர்கள் வேறு கழகங்களுக்குப் போய்விட்டார்கள். கழகத்துக்கு ஒரு சதமும் மிஞ்சவில்லை.

அடுத்த வருடம் 98 தோல்விகள். அந்த வருடம்தான் புதிதாகத் தொடங்கிய சியாட்டல் அணிக்கும் கீழே, பிரிவின் கடைசி இடம். 1979இல் 108 தோல்விகள். அந்த வருடம் ஏப்ரலில் ஓர் ஆட்டத்துக்கு வந்தவர்கள் 653 பேர். வருடம் முழுவதற்கும் சேர்த்து 306,763 பேர்தான்.

‘சின்ன ஊர், அதனால்தான் கூட்டம் இல்லை’ என்று நாம் முடிவு கட்டிவிடக் கூடாது. 1980இல் கழகம் ஹாஸ் குடும்பத்தின் கைக்கு மாறியது. அவர்கள் இளம் வீரர்களை வளர்த்தார்கள், தேவையான இடத்தில் செலவும் செய்தார்கள். 1989இல் மீண்டும் சாம்பியன். 1990இல் மைதானத்துக்கு வந்தவர்கள் 29 இலட்சம் பேர். அதே ஊர், அதே மைதானம்.

இரண்டாவது, 2001.

1995இல் கழகம் மீண்டும் கைமாறியது. புதிய உரிமையாளர்கள் செலவை இறுக்கிப் பிடித்தார்கள். 2001இல் ஓக்லண்ட் 102 ஆட்டங்களில் வென்றது. அந்தக் குளிர்காலத்தில் மூன்று தூண்கள் சாய்ந்தன. ஜேசன் ஜியம்பி 7 வருடங்களுக்கு 120 மில்லியன் டொலருக்கு நியூயோர்க் போனார். ஜோனி டேமன் 31 மில்லியனுக்கு பொஸ்டன் போனார். கடைசி நேரத்தில் வந்து ஆட்டத்தை முடித்துவைக்கும் பந்துவீச்சாளர் இஸ்ரிங்ஹவுசன் 27 மில்லியனுக்கு சென் லூயிஸ் போனார். 2002இல் நியூயோர்க்கின் சம்பளப் பட்டியல் ஏறத்தாழ 126 மில்லியன் டொலர். ஓக்லண்டின் பட்டியல் ஏறத்தாழ 40 மில்லியன்.

பொது முகாமையாளர் பில்லி பீன் ‘ஜியம்பிக்குப் பதில் இன்னொரு ஜியம்பி எங்கே?’ என்று தேடவில்லை. அப்படி ஒருவர் கிடைத்தாலும் வாங்கக் காசில்லை. அவரும் அவருடைய உதவியாளர் போல் டெபொடெஸ்டாவும் வேறொரு கேள்வி கேட்டார்கள்: ‘போனவர்களோடு நமக்கு இல்லாமல்போனது சரியாக என்ன?’

பேஸ்போலில் ஒருவர் ஆட்டமிழக்காமல் முதலாவது தளத்தை அடைவதுதான் ஓட்டங்களின் தொடக்கம். அடித்தும் அடையலாம், தவறான பந்துகளை அடிக்காமல் பொறுமையாக விட்டும் அடையலாம். ஜியம்பி 2001இல் 100க்கு ஏறத்தாழ 48 தடவை தளத்தை அடைந்தார். பெரிய பெயர் பெற்ற டேமனோ 100க்கு 32 தடவைதான். சந்தை அடிக்கும் வலுவுக்கும் ஓடும் வேகத்துக்கும் விலை கொடுத்தது. பொறுமைக்கு விலை கொடுக்கவில்லை. ஓக்லண்ட் அந்தப் பொறுமையை வாங்கியது.

ஸ்கொட் ஹெட்டபேர்க் பொஸ்டனில், நம் விக்கெட் காப்பாளரைப்போல் பின்னால் நின்று பந்து பிடித்தவர். முழங்கை நரம்பு பாதிக்கப்பட்டதால் பந்தை ஒழுங்காக எறிய முடியவில்லை. வேறு யாரும் பெரிதாகத் தேடாத அவரை ஒரு மில்லியன் டொலருக்கும் குறைந்த அடிப்படைச் சம்பளத்துக்கு எடுத்து, எறியும் வேலை குறைந்த முதலாவது தளத்தைக் காக்கப் பழக்கினார்கள். வயதாகிவிட்டது என்று கைவிடப்பட்ட டேவிட் ஜஸ்டிஸையும் எடுத்தார்கள். 2002இல் இருவருமே 100க்கு 37 தடவைக்கு மேல் தளத்தை அடைந்தார்கள். அன்றைய விதிப்படி, வீரர்களை இழந்ததற்கு ஈடாகப் புதிய இளைஞர்களைத் தெரிவு செய்யும் வாய்ப்புகளும் கிடைத்தன. அந்த வருடம் முதல் சுற்றில் மட்டும் ஏழு பேரைத் தெரிவு செய்தார்கள்.

முடிவு: 2002இல் 103 வெற்றிகள். முந்திய வருடத்தைவிட ஒன்று கூட. தொடர்ச்சியாக 20 வெற்றிகள். அந்த இருபதாவது ஆட்டத்தில் 11-0 என்று முன்னிலையில் இருந்து 11-11 என்று சறுக்கியபோது, வெற்றி ஓட்டத்தை அடித்தவர் அதே ஹெட்டபேர்க்தான்.

இந்தக் கதையை மைக்கேல் லூயிஸ் 2003இல் ‘மணிபோல்’ என்ற நூலாக எழுதினார். 2011இல் திரைப்படமும் வந்தது. ஆனால் நாம் முழுக் கணக்கையும் பார்க்க வேண்டும். அந்த அணியின் முதுகெலும்பு ஹட்சன், மல்டர், ஸிட்டோ என்ற மூன்று பந்துவீச்சாளர்களும் மிகுவெல் டெஹாடாவும். கழகமே கண்டெடுத்து வளர்த்தவர்கள். முதல் ஆறு வருடங்கள் வீரர் கழகத்தின் பிடியில் இருப்பார் என்ற விதியால் அவர்களின் சம்பளம் குறைவாக இருந்தது. அவர்கள் இல்லாமல் எந்தக் கணக்கும் 103 வெற்றிகளைக் கொண்டுவந்திராது. அத்தோடு 2000 முதல் 2003 வரை நான்கு வருடங்களும் இறுதிக் கட்டத்தின் முதல் சுற்றிலேயே 3-2 என்று தோற்று வெளியேறினார்கள். பொஸ்டன் இதே கணக்கு முறையைப் பெரிய பணத்தோடு சேர்த்தது. 86 வருடங்களுக்குப் பிறகு 2004இல் சாம்பியன் ஆனது. வறியவர் கண்டுபிடித்த வழியில் செல்வந்தர் வாகனத்தில் வந்து முந்திச்சென்ற கதை அது.

மூன்றாவது, 2021.

அந்த வருடம் ஓக்லண்ட் 86 ஆட்டங்களில் வென்ற நல்ல அணி. உரிமையாளர் ஜோன் ஃபிஷர், ‘கெப்’ ஆடை நிறுவனத்தைத் தொடங்கிய குடும்பத்தவர். உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் இடையிலான பிணக்கு 2022 மார்ச்சில் தீர்ந்து சந்தை திறந்ததும், ஒரு வாரத்துக்குள் பாசிட், ஒல்சன், சப்மன் ஆகிய மூவரையும் கழகம் கைமாற்றிவிட்டது. மானேயா, மர்ஃபி என்று பின்னாலும் தொடர்ந்தது. ஒல்சன் 2023இல் அட்லாண்டாவுக்காக 54 ஹோம் ரன் அடித்து எல்லோருக்கும் முதலாவதாக வந்தார். அதே வருடம் ஓக்லண்ட் 112 ஆட்டங்களில் தோற்றது. சம்பளப் பட்டியலிலும் லீக்கிலேயே கடைசி. பிறகு ‘கூட்டம் வருவதில்லை’ என்ற பேச்சு வந்தது.

ஊர் மக்கள் அதற்குப் பதில் சொன்னார்கள். 2023 ஜூன் 13 அன்று ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, 27,759 பேர் மைதானத்தில் திரண்டு, கழகத்தை ‘விற்றுவிடு’ என்று உரிமையாளரைப் பார்த்துக் கோஷமிட்டார்கள். பலன் இல்லை. அந்த நவம்பரில் லாஸ் வேகஸுக்கு மாற அனுமதி கிடைத்தது. 2024 செப்டம்பர் 26 அன்று 46,889 பேர் முன்னிலையில் ஓக்லண்டின் கடைசி ஆட்டம் நடந்தது. இப்போது கழகம் லாஸ் வேகஸ் மைதானம் ஆயத்தமாகும்வரை சக்ரமெண்டோ பக்கத்தில் ஒரு சிறிய மைதானத்தில் ஆடுகிறது. ஊரை விட்டுப்போன மூன்றாம் மாதமே, அதுவரையான கழக வரலாற்றில் மிகப்பெரிய ஒப்பந்தம் கையெழுத்தானது: செவரினோ என்ற பந்துவீச்சாளருக்கு 67 மில்லியன் டொலர்.

உறவுகளே, சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. இரண்டும் ‘காசில்லை’ என்ற ஒரே வாசகத்தோடுதான் வாசலில் வந்து நிற்கும். 2002இல் இருந்த நாற்பது மில்லியனும் அணியை வெல்லவைக்கவே யோசித்துச் செலவிடப்பட்டது. 2022இல் கைமாற்றியதால் மிஞ்சியது அணிக்குத் திரும்பி வரவில்லை. வித்தியாசத்தை அறிய, இல்லாத காசை விட்டுவிட்டு இருக்கும் காசு எங்கே போகிறது என்று கேட்டால் போதும்.

நம்மூர் விளையாட்டுக் கழகமானாலும் சங்கமானாலும், நிர்வாகம் ‘நிதி இல்லை’ என்று சொல்லும்போது அதை உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே ஏற்கவும் வேண்டாம். இருந்ததை என்ன செய்தோம் என்று கணக்கைத் திறந்து பார்ப்போம். ஓக்லண்ட் மக்கள் அந்தக் கேள்வியை உரக்கக் கேட்டபோது அவர்களின் கழகம் பாதி வழி போயிருந்தது. நாம் கொஞ்சம் முன்னதாகக் கேட்போம்.