போர்மியோ 1987: கோப்பை இருக்கு, நாடு இல்லை

இந்த எபிசோடில் ஒரு பாஸ்கெட்பால் டீமோட கதை. பாஸ்கெட்பால் ரூல்ஸ் தெரியாதவங்களும் தைரியமா கேட்கலாம். ஏன்னா மேட்ச் பாதியிலேயே முடிஞ்சிடும், அதுக்கப்புறம்தான் கதையே.

முதல்ல போட்டி என்னன்னு பார்த்துடலாம். சர்வதேச கூடைப்பந்து சம்மேளனமான ஃபிபா, 19 வயதுக்கு உட்பட்ட தேசிய அணிகளுக்கு ஒரு உலகப் போட்டி நடத்துது. இன்றைக்கு அது ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. ஆரம்பத்தில் நாலு வருஷத்துக்கு ஒரு தடவைதான். 1979-ல் பிரேசிலின் சால்வடாரில் முதல் போட்டி, அமெரிக்கா ஜெயித்தது. 1983-ல் ஸ்பெயினின் மயோர்கா தீவில், மறுபடியும் அமெரிக்கா. மூன்றாவது போட்டி 1987 கோடையில், இத்தாலியின் ஆல்ப்ஸ் மலையில் இருக்கிற போர்மியோ என்கிற பனிச்சறுக்கு ஊரில்.

அமெரிக்க டீம் லேசுப்பட்டது இல்லை. கோச் லேரி பிரவுன். ஆடியவர்களில் கேரி பேட்டன், லேரி ஜான்சன் இருந்தாங்க. பின்னாடி பேட்டன் 1990 என்பிஏ டிராஃப்டில் இரண்டாவது ஆளாகவும், ஜான்சன் 1991-ல் முதல் ஆளாகவும் எடுக்கப்பட்டவங்க.

எதிர்ப்பக்கம் யூகோஸ்லாவியா. ஆறு குடியரசுகள் சேர்ந்த ஒரு சோசலிச நாடு. மக்கள்தொகை சுமார் 2.3 கோடி, அமெரிக்காவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த டீம் லிஸ்ட்டை ஊர் ஊரா பிரிச்சுப் பாருங்க. டோனி குகோச், டினோ ராஜா ரெண்டு பேரும் குரோஷியாவின் கடற்கரை நகரமான ஸ்பிலிட். விளாடே டிவாச், செர்பியாவின் பிரியெபோல்யே. அலெக்சாண்டர் ஜோர்ஜெவிச், பெல்கிரேட். டியோமன் அலிபெகோவிச், போஸ்னியாவின் ஜெனிட்சா. கோச் ஸ்வெட்டிஸ்லாவ் பெஷிச், செர்பியாவின் நோவி சாடில் பிறந்து, சரயேவோவின் போஸ்னா கிளப்புக்காக ஆடி 1979-ல் ஐரோப்பியக் கோப்பை ஜெயித்தவர். அப்போ இதை யாரும் இப்படிப் பிரிச்சுப் பார்த்திருக்க மாட்டாங்க. எல்லாரும் ஒரே ஜெர்சி.

லீக் சுற்றிலேயே ரெண்டு அணிகளும் மோதின. யூகோஸ்லாவியா 110, அமெரிக்கா 95. குகோச் மட்டும் 37 பாயிண்ட். த்ரீ பாயிண்டர் 12 முயற்சி, அதில் 11 உள்ளே. கணக்குப் போட்டால் 33 பாயிண்ட் தூரத்திலிருந்தே வந்தது. ஆள் உயரம் ஏழடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. அந்த உயரத்தில் இருப்பவனைக் கூடைக்குக் கீழே நிறுத்துவதுதான் அந்தக் காலத்து வழக்கம். இவன் வெளியே நின்று சுடுகிறான், கார்டு மாதிரி பாஸ் கொடுக்கிறான். இன்றைக்கு என்பிஏ-வில் பாதிப் பேர் இதைத்தான் பண்றாங்க.

ஃபைனலிலும் அதே இரண்டு அணிகள். 86-76. யூகோஸ்லாவியா உலக ஜூனியர் சாம்பியன்.

ஜூனியர் போட்டி என்பது நாளைக்கு என்ன வரப்போகுதுன்னு காட்டுற ஒரு டிரெய்லர். ஆட்டத்தைப் பொறுத்தவரை போர்மியோ சரியாவே காட்டுச்சு. 1989-ல் யூகோஸ்லாவியா ஐரோப்பிய சாம்பியன். 1990-ல் பியூனஸ் அயர்ஸில் உலக சாம்பியன். ஆனா அந்த டீம் எந்த நாட்டுக்கு ஆடும் என்பதை அது காட்டவே இல்லை.

பியூனஸ் அயர்ஸ் ஃபைனல் முடிந்ததும் ஒரு ரசிகர் குரோஷியக் கொடியோடு மைதானத்துக்குள் வந்தார். டிவாச் அதைப் பிடுங்கினார். இது யூகோஸ்லாவியாவின் வெற்றி, தனிக்கொடி எதுக்கு என்பது அவர் வாதம். குரோஷியாவில் அது அவமானமாகப் பார்க்கப்பட்டது. டிவாச்சின் நெருங்கிய நண்பர், குரோஷிய நட்சத்திரம் டிராஜென் பெட்ரோவிச், அவரிடமிருந்து விலகினார். 1993 ஜூனில் ஜெர்மனியில் கார் விபத்தில் பெட்ரோவிச் இறந்துபோனார். சமாதானம் ஆகவே இல்லை.

1991 ஜூன், ரோமில் ஐரோப்பிய சாம்பியன்ஷிப். போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே ஸ்லோவேனியா சுதந்திரம் அறிவித்தது. ஸ்லோவேனிய வீரர் யூரே ஸ்டோவ்ட்ஸ் பாதியிலேயே டீமை விட்டுப் போக வேண்டியதாயிற்று. மீதிப் பேர் தங்கம் ஜெயித்தார்கள். குகோச், ராஜா, டிவாச், ஜோர்ஜெவிச் ஒரே ஜெர்சியில் ஜெயித்த கடைசி தங்கம் அது. அப்புறம் போர்.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸில் குரோஷியா தனி நாடாக வந்து, ஃபைனலில் அமெரிக்காவின் டிரீம் டீமிடம் தோற்று வெள்ளி வாங்கியது. அதில் குகோச்சும் ராஜாவும் உண்டு. செர்பியாவும் மாண்டினீக்ரோவும் சேர்ந்த புது யூகோஸ்லாவியாவுக்கு ஐநா தடை. டிவாச் வீட்டிலிருந்துதான் பார்க்க முடியும். அலிபெகோவிச் பின்னாளில் ஸ்லோவேனியாவுக்கு ஆடினார்.

1995, ஏதென்ஸ். ஐரோப்பிய ஃபைனலில் ஜோர்ஜெவிச் 41 பாயிண்ட் அடிக்க, புது யூகோஸ்லாவியாவுக்குத் தங்கம். குரோஷியாவுக்கு வெண்கலம். பதக்க மேடையில் தங்கம் வாங்கியவர்களின் தேசிய கீதத்துக்கு முன்னாடியே குரோஷிய வீரர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். எட்டு வருஷத்துக்கு முன்னாடி போர்மியோவில் ஒரே கீதத்துக்கு நின்ற பசங்க.

இதில் யார் மேல் தப்புன்னு தீர்ப்பு சொல்றது சுலபம். ஆனா போர்மியோவில் இருந்தப்போ இவங்களுக்கு 18, 19, 20 வயசு. 'தேசிய அணி' என்கிற வார்த்தையில் அணியை உருவாக்கினது அவங்க உழைப்பு. தேசம் அவங்க கையில் இல்லை. அந்த வார்த்தை உடைஞ்சப்போ அவங்க இழந்தது கோப்பைகளை மட்டும் இல்லை, ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுப் பேசுற உரிமையையும்தான். 2010-ல் வந்த 'ஒன்ஸ் பிரதர்ஸ்' ஆவணப்படத்தில், இருபது வருஷம் கழித்து டிவாச் குரோஷியாவுக்குப் போகிறார். பெட்ரோவிச்சின் அம்மாவைப் பார்க்கிறார். நேரம் கிடைச்சா பாருங்க.

அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் பாஸ்கெட்பால் ஹால் ஆஃப் ஃபேம் இருக்கு. 2018-ல் ராஜா, 2019-ல் டிவாச், 2021-ல் குகோச் அதில் சேர்க்கப்பட்டாங்க. போர்மியோவில் தோற்ற கேரி பேட்டன் அவங்களுக்கு முன்னாடியே, 2013-ல் அங்கே போயாச்சு.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.