பார்க்கப்பட்டவனின் தனிமை: ‘பீப்பிங் டாம்’ திரைப்படத்தை முன்வைத்து

மைக்கேல் பவல் இயக்கி 1960இல் பிரிட்டனில் வெளியான ‘பீப்பிங் டாம்’, ஒளிந்து பார்க்கும் வெறியைச் சொல்லும் படமாகவே பெரும்பாலும் வாசிக்கப்படுகிறது. முதற்காட்சி அதற்கு இடம் தருகிறது. தெருவில் நிற்கும் பெண்ணைப் பின்தொடர்ந்து ஒருவன் கொல்வதைப் பார்வையாளர் அவனது கேமராவின் வழியாகவே காண்கிறார்; கொலைகாரனின் கண் அவருடைய கண்ணாகிவிடுகிறது. ஆயினும் இவ்வாசிப்பு பாதி தூரமே செல்கிறது. மார்க் லூயிஸ் பார்ப்பவனாவதற்கு முன்பே பார்க்கப்பட்டவன்.

மார்க் படப்பிடிப்புத் தளத்தில் ஃபோகஸ் பார்க்கும் உதவியாளன். தந்தை விட்டுச்சென்ற வீட்டின் அறைகளை வாடகைக்கு விட்டு, அதே வீட்டில் யாரோ ஒரு குடித்தனக்காரனைப் போல ஒதுங்கி வாழ்கிறான். அச்சத்தை ஆராய்ந்த அறிஞரான தந்தை, மகனையே சோதனைப் பொருளாக்கியவர். உறங்கும் சிறுவனின் படுக்கையில் பல்லியைப் போட்டு அவன் அலறுவதைப் படமெடுத்தார். இறந்த தாயின் அருகில் அவன் நின்றதையும் விட்டுவைக்கவில்லை. பிறகு ஒரு கேமராவைப் பரிசளித்தார். அத்தந்தையாகப் பவலே நடித்தார். சிறுவனாக நடித்தவர் அவருடைய மகன் கொலம்பா. தன் தொழிலையே குற்றக்கூண்டில் ஏற்றிய இத்துணிவுக்கு இணையானவை குறைவு.

மார்க்கின் கேமரா முக்காலியின் ஒரு காலில் கூரிய முனை மறைந்திருக்கிறது. சாகும் பெண் தன் அச்சத்தைத் தானே காணும்படி ஒரு கண்ணாடியும் பொருத்தப்பட்டிருப்பது இறுதியில்தான் தெரியவருகிறது. பார்ப்பது மட்டுமே அவனது இன்பமென்றால் கண்ணாடிக்கு வேலையே இல்லை. தான் சிறுவயதில் இருந்த இடத்தில் இன்னொருவரை நிறுத்துகிறான். தந்தையின் ஆராய்ச்சியைத் தொடர்கிறான். மனநல மருத்துவர் ஒருவர் படத்தில் பார்வை வெறிக்கு மருத்துவப் பெயர் சொல்கிறார். அப்பெயரில் இந்தக் கண்ணாடி அடங்குவதில்லை.

கீழ்வீட்டுப் பெண் ஹெலனை அவன் படமெடுக்க மறுக்கிறான். அவள் சொல்லுக்காகக் கேமராவை விட்டுவிட்டு உணவருந்தச் செல்லும் மாலையே அவன் வாழ்வில் இயல்பான பொழுது. பார்வையற்ற அவளுடைய தாயோ மேல்மாடியில் கேட்கும் காலடியோசையை வைத்தே அவனை ஐயுறுகிறார். அவரைக் கேமராவால் நெருங்கியும் மார்க்கால் கொல்ல இயலவில்லை. காண முடியாதவரிடம் கண்ணாடி பயனற்றுப்போவதே காரணம் எனக் கொள்ளலாம். முடிவில், தன் குழந்தைப் பருவ அலறல் ஒலிநாடாவில் ஒலிக்க, கேமராக்களின் முன் அதே கூர்முனையில் தானே பாய்ந்து மடிகிறான், மீண்டும் பார்க்கப்படுபவனாகிறான்.

பிரிட்டிஷ் விமர்சகர்கள் படத்தைக் கடுமையாகத் தாக்கினர். தாய்நாட்டில் பவலின் திரைவாழ்வு நிலைகுலைந்தது. சில மாதங்களில் வந்த ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ பெருவெற்றி பெற்றது. ‘சைக்கோ’ கொலைகாரனின் நோயை இறுதியில் மருத்துவரின் வாயால் விளக்கி முடிக்கிறது. பவலோ நடுவிலேயே அவனது குழந்தைப் பருவத்தைத் திரையிட்டு, மார்க்காக நடித்த கார்ல்ஹைன்ஸ் போமின் கூச்சம் நிறைந்த முகத்தின் மூலம் அவன்மேல் இரக்கத்தைக் கோருகிறார். அன்றைய சினத்துக்குக் கொலைகளைவிட இந்த இரக்கமே பெருங்காரணம் எனலாம். 1970களின் இறுதியில் மார்ட்டின் ஸ்கார்செஸியின் முயற்சியால் படம் மீண்டும் திரைக்கு வந்தபோதுதான் அதற்குரிய மதிப்பு கிட்டத் தொடங்கியது.