குதிரைகளின் குளம்புக் காலணி: வரலாறும் பொருத்தும் முறையும்

குதிரையின் குளம்பில் ஆணி அடிக்காமல், தேவைப்படும்போது மாட்டி, வேலை முடிந்ததும் கழற்றிவிடக்கூடிய உறை குளம்புக் காலணி எனப்படும். லாடம் அடிக்கப்படாத குதிரைகளும் மட்டக்குதிரைகளும் கல் நிறைந்த பாதையில் செல்லும்போது குளம்பு தேயாமலும் அடிபடாமலும் இருக்க இது அணிவிக்கப்படுகிறது. இன்றைய காலணிகள் பெரும்பாலும் ரப்பர், பாலியூரித்தேன் போன்ற பொருள்களால் ஆனவை. எனினும் கழற்றி மாட்டும் காலணி புதிய கண்டுபிடிப்பு அன்று. ரோமானியர் இரும்பிலும், ஜப்பானியர் வைக்கோலிலும், பிரித்தானியர் தோலிலும் இதைச் செய்து பார்த்துள்ளனர். காலணி கழன்று விழக்கூடாது. இறுக்கிப் புண்ணாக்கவும் கூடாது. இவ்விரண்டையும் ஒருங்கே அடைவதே எல்லாக் காலத்திலும் சிக்கலாக இருந்தது.

குளம்பின் இயல்பு

குளம்பின் வெளிச்சுவர் நம் நகத்தைப் போன்ற பொருளால் ஆனது. அதற்கு உணர்ச்சி இல்லை. அதன் உள்ளே எலும்பும் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் உள்ளன. அடியில் முக்கோண வடிவில் மெத்தென்ற ஒரு பகுதி உண்டு. குதிரை காலை ஊன்றும்போது குளம்பின் பின்பகுதி சற்றே விரிகிறது. காலைத் தூக்கும்போது சுருங்குகிறது. இது அதிர்ச்சியைத் தாங்கவும், இரத்தம் மேலேறவும் உதவுகிறது.

குளம்பு மாதத்துக்கு ஏறத்தாழ 6 முதல் 10 மில்லிமீட்டர் வளர்கிறது. வளர்ச்சியும் தேய்மானமும் சமமாக இருந்தால் குதிரைக்கு எந்தப் பாதுகாப்பும் தேவைப்படாது. சுமையுடன் கல் பாதையில் நெடுந்தூரம் நடக்கும்போது தேய்மானம் மிகுகிறது. அந்த நிலையில்தான் மனிதர் குளம்புக்கு ஓர் உறையைத் தேடினர்.

கிரேக்கர்கள்

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்கப் படைத்தலைவரும் எழுத்தாளருமான செனபோன், குதிரையேற்றம் பற்றி ஒரு நூல் எழுதினார். குதிரை வாங்குபவர் முதலில் அதன் கால்களைப் பார்க்க வேண்டும் என்றும், அடித்தளம் சரியில்லாத வீடு பயன்படாதது போல, கால் சரியில்லாத குதிரையும் பயன்படாது என்றும் அவர் கூறுகிறார். அந்த நூலில் லாடத்தைப் பற்றிய பேச்சே இல்லை. அதற்கு மாற்றாக, கைக்கு அடங்கும் உருண்டைக் கற்களைக் கொட்டிய முற்றத்தில் குதிரையை நிறுத்தினால் குளம்பு உறுதிப்படும் என்றும், ஈரமான, வழவழப்பான தரை குளம்பைக் கெடுக்கும் என்றும் எழுதினார். கிரேக்க நாட்டின் வறண்ட தரைக்கு இம்முறை ஏற்றதாக இருந்தது.

ரோமானியர்கள்

ரோமப் பேரரசு ஐரோப்பாவின் ஈரமான வடமேற்குப் பகுதிகளுக்குப் பரவியபோது நிலைமை மாறியது. அங்கே குளம்புகள் ஈரத்தால் மென்மையாயின; சாலைகளோ கற்களாலும் சரளையாலும் அமைந்திருந்தன. பிரித்தானியா, பிரான்சு, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகிய இடங்களில் ரோமானியர் காலத்து இரும்புக் காலணிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. இவற்றை இன்றைய ஆய்வாளர்கள் ‘ஹிப்போசாண்டல்’ என்கின்றனர். ‘ஹிப்போஸ்’ என்பது கிரேக்க மொழியில் குதிரையைக் குறிக்கும் சொல். குளம்பின் அடியில் ஓர் இரும்புத் தகடு, இருபுறமும் மேல்நோக்கி வளைந்த மடல்கள், கயிறோ தோல்வாரோ கட்டுவதற்குக் கொக்கி என்பதே இதன் அமைப்பு.

நோயுற்ற கால்நடைகளின் கால்களில் புல்லால் பின்னிய செருப்பைக் கட்டும் வழக்கமும் ரோமானியரிடம் இருந்தது. கழற்றி மாட்டும் பழக்கத்தைக் காட்டுவதாகக் கருதத்தக்க ஒரு சுவையான செய்தியைச் சுவெட்டோனியஸ் என்ற வரலாற்றாசிரியர் தருகிறார். வெஸ்பாசியன் பேரரசர் பயணம் செய்தபோது, கோவேறு கழுதைகளை ஓட்டியவர் அவற்றுக்குக் காலணி மாட்ட வழியில் இறங்கினார். அந்த நேரத்தில் வழக்குடைய ஒருவர் பேரரசரை அணுகினார். இது ஏற்பாடு என்று ஐயுற்ற வெஸ்பாசியன், காலணி மாட்டியதற்கு எவ்வளவு கிடைத்தது என்று ஓட்டுநரிடம் கேட்டு, அதில் பங்கும் வாங்கிக்கொண்டாராம்.

இரும்புக் காலணி கனமானது. மெதுவாக வண்டி இழுக்கும் விலங்குக்கு அது பொருந்தும். விரைந்து ஓடும் குதிரைக்குப் பொருந்தாது. கட்டு தளர்ந்தால் காலணி விழும், இறுகினால் தோல் உரியும்.

ஜப்பானியர்கள்

ஜப்பானில் மக்கள் அணிந்த வைக்கோல் செருப்பைப் போலவே குதிரைக்கும் வைக்கோல் செருப்பு பின்னப்பட்டது. இதன் பெயர் ‘உமாகுட்சு’. ‘உமா’ என்றால் குதிரை, ‘குட்சு’ என்றால் காலணி. புகழ்பெற்ற ஓவியர் ஹிரோஷிகே 1857இல் வெளியிட்ட எடோ நகரக் காட்சிகளுள் ஒன்றில், இச்செருப்பணிந்த குதிரையின் கால்கள் படத்தின் முன்னணியில் பெரிதாகத் தெரிகின்றன.

இச்செருப்பு மலிவானது, எடை குறைந்தது, மென்மையானது. ஆனால் விரைவில் தேய்ந்துவிடும். 1878இல் ஜப்பானில் பயணம் செய்த ஆங்கிலேயப் பெண்மணி இசபெல்லா பேர்ட், இந்தச் செருப்புகள் அடிக்கடி கிழிந்து பயணத்தைத் தடுத்ததைத் தம் நூலில் குறைகூறியுள்ளார். மெய்ஜி காலத்தில் மேலைநாட்டு முறை லாடம் பரவியதும் இவ்வழக்கம் மறைந்தது.

ஆணி லாடமும் அதன் குறையும்

ஐரோப்பாவில் இடைக்காலத்தில் ஆணி அடிக்கும் இரும்பு லாடம் பரவியது. உணர்ச்சியற்ற வெளிச்சுவரில் ஆணி இறங்குவதால் குதிரைக்கு வலிக்காது. ஓட்டத்திலும் எளிதில் கழலாது. இதனால் போருக்கும் உழவுக்கும் போக்குவரத்துக்கும் இதுவே பல நூற்றாண்டுகள் பயன்பட்டது.

ஆனால் ஆணி சிறிது உள்ளே சென்றாலும் குதிரை நொண்டும். ஆகவே லாடம் அடிப்பது தேர்ந்தவர் மட்டுமே செய்யும் தொழிலாயிற்று. அத்தகையோர் இல்லாத நாட்டின் நிலைக்கு, 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோவின் குறிப்பைக் காட்டலாம். பாண்டிய நாட்டு அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளை அரபு வணிகரிடம் வாங்கியும், பராமரிக்கத் தெரியாததால் ஆண்டிறுதியில் மிகச் சிலவே எஞ்சின என்கிறார் அவர். லாடமடித்துக் குதிரை வைத்தியமும் பார்ப்போர் அங்கே சென்றால் விற்பனை குறையும் என்பதால், வணிகர்கள் அவர்களைச் செல்லவிடாமல் தடுத்தனர் என்றும் எழுதியுள்ளார்.

ஆணி லாடத்தின் மற்றொரு குறையை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் கால்நடை மருத்துவர் பிரேசி கிளார்க் எடுத்துரைத்தார். வளையாத இரும்பு, குளம்பு விரிந்து சுருங்குவதைத் தடுக்கிறது என்பது அவர் வாதம். அதனால் மடிப்பு மூட்டுள்ள லாடத்தைச் செய்து பார்த்தார். அது பரவவில்லை, ஆனால் அவர் எழுப்பிய கேள்வி நிலைத்தது.

புல்வெளிக் காலணி

1830இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் புல்வெட்டும் பொறியை உருவாக்கினார். 1842இல் ஸ்காட்லாந்தின் அலெக்சாண்டர் ஷாங்க்ஸ், மட்டக்குதிரை இழுக்கும் பெரிய பொறியைச் செய்தார். பொறியை இழுக்கும் குதிரையின் லாடம் புல்தரையைக் கிழிக்காதிருக்க, லாடத்தின் மேலேயே தோல் காலணி அணிவிக்கப்பட்டது. இங்கே காலணி காத்தது தரையை, குளம்பையன்று. மோட்டார் பொறிகள் வந்ததும் இவை அருங்காட்சியகப் பொருள்களாயின.

இன்றைய காலணி

1970களில் அமெரிக்காவில் நீல் கிளாஸ் என்பவர் உருவாக்கிய ‘ஈசிபூட்’ என்ற பாலியூரித்தேன் காலணி விற்பனைக்கு வந்தது. வழியில் லாடம் கழன்றால் மாட்டிக்கொள்ளும் உதவிப் பொருளாகவே பலர் அதை வைத்திருந்தனர். பின்னர் நிலைமை மாறியது. லாடமடிக்கும் தொழிலில் இருந்த அமெரிக்கர் ஜெய்ம் ஜாக்சன், 1980களில் காட்டுக் குதிரைகளின் குளம்புகளை ஆராய்ந்து 1992இல் நூல் வெளியிட்டார். வறண்ட கல் நிலத்தில் நாளெல்லாம் நடக்கும் அக்குதிரைகள் லாடமின்றியே உறுதியான குளம்புகளைப் பெற்றிருந்தன. செனபோன் சொன்ன முற்றத்தின் பயன் அவற்றுக்கு இயற்கையாகவே கிடைத்தது.

வீட்டுக் குதிரையோ பெரும்பாலும் ஈரப் புல்தரையிலும் கொட்டிலிலும் நிற்கிறது. அதன் குளம்பு ஓய்வில் வெறுமையாக இருக்கட்டும், கல் பாதையில் மட்டும் காலணி போதும் என்ற இடைவழியைப் பலர் மேற்கொண்டனர். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் 1955 முதல் நடைபெறும் 100 மைல் டெவிஸ் கோப்பைப் போட்டியையும் இவ்வகைக் காலணி அணிந்த குதிரைகள் முடித்துள்ளன.

அளவெடுக்கும் முறை

பழைய காலணிகளைக் கெடுத்த அதே குறை, தவறான அளவில் வாங்கிய புதிய காலணியிலும் வரும். ஆகவே பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. குளம்பைச் சீவி, அரத்தால் சீர்செய்தவுடன் அளவெடுக்க வேண்டும். வளர்ந்த குளம்பின் அளவு ஏமாற்றும்.

2. அகலத்தைக் குளம்பின் அடியில் மிக அகன்ற இடத்தில் எடுக்க வேண்டும்.

3. நீளத்தை முன் நுனியிலிருந்து, பின்னே குளம்புச் சுவர் தரையைத் தொடும் கடைசி இடம் வரை எடுக்க வேண்டும். அதற்கும் பின்னால் உள்ள மென்மையான சதை மேட்டைச் சேர்த்தால் காலணி பெரிதாகிவிடும். பலர் செய்யும் பிழை இதுவே.

4. நான்கு கால்களையும் தனித்தனியே அளக்க வேண்டும். முன் குளம்பு வட்டமாகவும் பின் குளம்பு சற்றுக் குறுகியும் இருக்கும். இடமும் வலமும்கூட வேறுபடலாம்.

5. அளவுகளை மில்லிமீட்டரில் குறித்து, அந்தந்த வகைக் காலணிக்குரிய அட்டவணையுடன் ஒப்பிட வேண்டும். ஓர் அளவுக்கும் அடுத்ததற்கும் சில மில்லிமீட்டரே வேறுபாடு. நீளமும் அகலமும் ஒரே எண்ணில் அமையாவிட்டால் வேறு வடிவக் காலணியைத் தேட வேண்டும்.

பொருத்திப் பார்த்தல்

காலணியை மாட்டிய பின் காலைத் தூக்கி, அதைக் கையால் இடமும் வலமும் திருகிப் பார்க்க வேண்டும். எளிதில் சுழன்றால் அது பெரியது. குளம்பு அடிவரை இறங்காமல் நின்றால் சிறியது. பிறகு சமதரையில் நடக்கவும் ஓடவும் விட வேண்டும். குதிரை தடுமாறுகிறதா, காலணி திரும்புகிறதா என்று பார்ப்பது அவசியம்.

முதல் நாள்களில் சிறிது நேரமே அணிவிக்க வேண்டும். கழற்றியதும் பின்புறச் சதை மேட்டிலும், குளம்பும் தோலும் சேரும் இடத்திலும் மயிர் தேய்ந்துள்ளதா, சிவந்துள்ளதா என்று நோக்க வேண்டும். உள்ளே மணலும் சேறும் தங்கினால் அவையே புண்ணாக்கும். ஒவ்வொரு முறையும் கழுவி உலர்த்த வேண்டும்.

பொருந்திய காலணியும் என்றும் பொருந்தியிருக்காது. 4 முதல் 6 வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் சீர்செய்யத் தவறினால், சென்ற மாதம் சரியாக இருந்த காலணி இந்த மாதம் இறுக்கும். குதிரை நொண்டினால் காலணியைக் கொண்டு அதை மறைக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். எந்தக் காலணியை வாங்கினாலும், செனபோன் சொன்னபடி முதலில் பார்க்க வேண்டியது குதிரையின் காலைத்தான்.